கடல்ராசா ஆன்லைனில் இருக்கிறான்

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று ராத்திரி அண்ணன் ஆன்லைனில் இருந்தான்.

யாரிடமும் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். கெமிஸ்ட்ரி ரெக்கார்டின் கடைசிப் பக்கங்கள், போர்வைக்குள், டேப்பின் வெளிச்சம். அம்மா பக்கத்தில் தூங்குகிறாள். அப்பா ஜூன் மாதத்திலிருந்து அண்ணனுடைய அறையில்தான் படுக்கிறார்.

ஜூனில் நடந்ததை ஒரு தடவை எழுதிவிட்டால் மறுபடி எழுத வேண்டியதில்லை. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அன்று ஷிப்ட் முடிந்து வந்தபோது கெல்வின் அண்ணன் போனில் விளையாடிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவனுக்கு அரியர் பரீட்சை. போகவில்லை. அப்பா போனைப் பிடுங்கித் தரையில் அடித்தார். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மறுநாள் அந்தச் செருப்பு அலைதடுப்புப் பாறைகள் மேல் ஜோடியாகக் கிடந்தது. படகு போட்டுத் தேடினார்கள். வேறு எதுவும் கிடைக்கவில்லை. போலீசில் ‘காணவில்லை’ என்று எழுதிக்கொண்டார்கள். வீட்டிலும் அந்தச் சொல்தான். ‘இருக்கான்’ என்று அப்பா மட்டும் சொல்வார். அம்மா எதுவும் சொல்ல மாட்டாள்.

அதற்குப் பிறகு அந்த விளையாட்டின் பெயரையே வீட்டில் எடுக்கக் கூடாது. பாடம் படிக்கிற டேப்பில் ஒளித்து வைத்திருக்கிறேன். ஆடுவதற்காக இல்லை. நண்பர்கள் வரிசையில் அவன் பெயரைப் பார்ப்பதற்காகத் திறப்பேன். கடல்ராசா. பக்கத்தில் சாம்பல் நிறப் புள்ளி.

இன்று புள்ளி பச்சையாக இருந்தது.

அக்டோபர் 13, திங்கள்

பள்ளி விட்டதும் இன்பன்ட் அண்ணன் வேலை பார்க்கும் மொபைல் கடைக்குப் போனேன். கெல்வினோடு ஒரே டீமில் ஆடியவர். ஏதோ ஒரு போனின் டிஸ்பிளேயைச் சூடுகாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, கடல்ராசா ஐடிய யாராச்சும் வச்சிருக்காங்களா?”

அவர் கை நின்றது. “என்னத்துக்குட்டி கேக்க?”

“சும்மா.”

“நீ கேம் வெளயாடுதியான்னு உங்கப்பா கேட்டா நான் என்ன சொல்ல?”

“எங்கப்பா உங்ககிட்ட எதுக்கு கேக்கப் போறாங்க?”

டிஸ்பிளேயை மறுபடி சூடுகாட்டத் தொடங்கினார். “போடி, போயி படி. பிளஸ் ஒன்னுன்னு நெனப்பு இருக்கா” என்றார். என்னைப் பார்க்கவே இல்லை.

இந்தக் கடையில்தான் அவரும் அண்ணனும் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். விபிஎன் போட்டால் லேக், அதாவது ஆட்டம் திக்கித் திக்கி ஓடுவது, குறையுமா குறையாதா என்பதுதான் சண்டை. நாம் பட்டனை அமுக்கியது ஆட்டத்தின் சர்வருக்குப் போய்த் திரும்பி வரும் நேரத்தைப் பிங் என்று ஓர் எண்ணாகத் திரையில் காட்டும். எண் ஏறினால் நம் ஆள் உறைந்து நிற்பான், நாம் சுடுவதற்குள் செத்துவிடுவான். எங்கள் தெரு கேபிள் நெட்டில் ராத்திரியானால் நூற்று எழுபது, இருநூறு. விபிஎன் என்கிற செயலியைப் போட்டுச் சிங்கப்பூர் வழியாகச் சுற்றிப் போனால் தொண்ணூறு.

“சுத்தி வளச்சு போனா எப்பிடிலே சீக்கிரம் போவும்? நேரா போறதுதான பக்கம்” என்பார் இன்பன்ட் அண்ணன்.

“ஊருக்குள்ள சப்பரம் நிக்கி, பைபாஸ்ல போவியா, சப்பரத்துக்குப் பின்னால நடந்து போவியா?” என்பான் அண்ணன். “தூரம் கூடத்தான். ஆனா நிக்காம போவம்லா.”

“அப்பம் காலைல சப்பரம் இல்லாதப்பயும் பைபாஸ்லதான் சுத்துவியோ?”

“காலைல எவன்லே வெளயாடுதான்?”

இரண்டு பேரும் சொன்னது சரிதான். நான் சோதித்திருக்கிறேன். காலையில் விபிஎன் இல்லாமல் அறுபது, போட்டால் தொண்ணூற்றைந்து. தெரு முழுவதும் படம் பார்க்கும் ராத்திரியில் மட்டும்தான் விபிஎன் ஜெயிக்கும். அண்ணன் ராத்திரியில்தான் ஆடுவான். விபிஎன் இல்லாமல் அவன் ஆடி நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 15, புதன்

மறுபடியும் பச்சை. என் அறைக்கு வா என்று அழைப்பு அனுப்பினேன். உடனே வந்துவிட்டான்.

ஆட்டம் தொடங்கும் முன் எல்லாரும் கூடி நிற்கும் லாபியில் அவன் பொம்மை நிற்கிறது. அதே சிவப்புக் கோட்டு. ‘அண்ணா’ என்று அடித்தேன். பதில் இல்லை. ‘நான் ரெனிட்டா’ என்று அடித்தேன். அது நின்றுகொண்டே இருந்தது. சும்மா நிற்கும் பொம்மைகள் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்க்கும், எல்லாப் பொம்மைகளும் அப்படித்தான். தெரியும். ஆனாலும் அது திருப்பியபோது டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். ‘லேக் ஆனா நான் பொறுப்பில்ல’ என்று அண்ணன் எழுதி வைத்திருந்தான். அந்த வரியை யாரோ அழித்திருக்கிறார்கள். இப்போது வெறுமையாக இருக்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

ஒன்றைக் கவனித்தேன். எழுதவே பயமாக இருக்கிறது.

லாபியில் ஒவ்வொருவர் பெயர் பக்கத்திலும் அவரவர் பிங் தெரியும். இன்று விபிஎன் போடாமல் போனேன். எனக்கு நூற்று எழுபத்திரண்டு. கடல்ராசாவுக்கு நூற்று எழுபத்து மூன்று. ஹாலில் அம்மா அத்தைக்கு வீடியோ கால் போட்டாள். என் எண் நானூறுக்குப் போனது. அவனுடையதும் நானூறுக்குப் போனது. அம்மா வைத்தாள். இரண்டும் சேர்ந்து இறங்கின.

பிறகு என் விபிஎன்னைப் போட்டேன். நான் தொண்ணூறுக்கு இறங்கினேன். அவன் அங்கேயே நின்றான்.

அவன் விபிஎன் போடவில்லை. அவன் எங்கள் நெட்டில் இருக்கிறான்.

அக்டோபர் 18, சனி

மழை. பாதி நாள் மின்சாரம் இல்லை. கெமிஸ்ட்ரி வரைபடங்கள் மூன்று பாக்கி. அம்மா ஈரத்துணிகளை வீட்டுக்குள் கயிறு கட்டிப் போட்டிருக்கிறாள். அண்ணனுடைய சட்டைகளையும் துவைத்திருக்கிறாள். இருட்டில் அவை வரிசையாகத் தொங்கின. அவற்றின் அடியில் குனிந்து போகாமல் சுற்றிப் போனேன்.

ராத்திரி உறுதிப்படுத்திக்கொள்ள நினைத்தேன். அம்மாவின் போன் நெட்டை டேப்புக்குக் கொடுத்துவிட்டு, ஹாலில் மோடம் பிளக்கைப் பிடுங்கினேன். டேப்பைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கடல்ராசாவின் புள்ளி சாம்பலானது.

இருட்டில் நான் மோடம் பக்கத்தில் நிற்கும்போதே அப்பா அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

“நெட்டு போயிட்டாம்மா?”

“மழையில்லாப்பா. இப்பம் வந்துரும்.”

“வந்துருமா?” என்றார். வந்துவிடும் என்று நான் மறுபடி சொல்லும்வரை நின்றார்.

பிளக்கைப் போட்டேன். பச்சை வந்தது. செத்தவர்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள் என்று ஷெரின் வகுப்பில் ஒருநாள் சொன்னாள். அன்று அவளைக் கேலி செய்து சிரித்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் சண்டை. நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். இறந்தவர்களுக்கான பூசையில் வாசிக்க, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் பெயர்கள் கொடுக்கிறார்கள். அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

“இந்த வருசம் கெல்வின் பேரயும் குடுத்துருவோம்.”

அப்பா கையை உதறி எழுந்தார். “உசுரோட இருக்கவனுக்கா பூசை வைக்க?”

“இருக்கான்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“செத்துட்டான்னு ஒனக்கு யாரு சொன்னா?”

அப்பா அறைக்குப் போய்விட்டார். அம்மா அவர் தட்டை மூடி வைத்தாள். “நான் குடுக்கத்தான் போறேன்” என்று என்னிடம் சொன்னாள். நான் கேட்கவே இல்லை.

பின்னிரவு:

அவன் கணக்கின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். என் பிறந்தநாள்தான். உள்ளே போனால் யார் என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பக்கத்துத் தெருக்களில் தீபாவளி வெடி வெடித்துக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் விபிஎன் இல்லாமல் எதுவும் ஓடாது, வழக்கம்போல் சிங்கப்பூரைப் போட்டுவிட்டுத் திறந்தேன்.

ஒரு கணக்கு ஒரு கருவியில்தான் திறந்திருக்கும். இன்னொன்றில் திறந்தால் முதலாவது வெளியே தள்ளப்படும். அதை நான் யோசிக்கவில்லை.

சிவப்புக் கோட்டு என் திரையில் வந்து நின்ற அதே நொடியில் அண்ணன் அறையில் நாற்காலி விழுந்தது. அப்பாவின் குரல். அழுகை என்று முதலில் நினைத்தேன். அழுகை இல்லை. அம்மாவைப் பெயர் சொல்லி எழுப்பினார்.

“பிலோமி. ஏ பிலோமி. எந்தி. வந்துட்டான்.”

அக்டோபர் 20, திங்கள்

எல்லாம் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும்.

அன்று உடைந்த போனை அப்பா இந்த மாதம்தான் இன்பன்ட் அண்ணனிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்கியிருக்கிறார். அதிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் அண்ணனின் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆடத் தெரியாது. திரையில் எது வந்தாலும் தொட்டுவிடுவார், ஓரத்தில் நான் அடித்தது அவர் கண்ணில் பட்டிருக்காது. அண்ணன் எங்கே இருந்தாலும் ஒருநாள் உள்ளே வருவான், வந்தால் இந்தப் போன் வெளியே தள்ளப்படும், அதுதான் அடையாளம் என்று இன்பன்ட் அண்ணன் சொல்லிக்கொடுத்திருக்கிறார். தள்ளப்படுவதற்காக அப்பா காத்திருந்திருக்கிறார்.

நான் தள்ளிவிட்டேன்.

அண்ணனின் மெயிலுக்குத் தகவலும் வந்திருக்கிறது. புதிய கருவி, இடம் சிங்கப்பூர். அப்பா அதை அம்மாவிடம் எத்தனையோ தடவை காட்டிவிட்டார். “பாரு, என்ன போட்டிருக்கு, வாசி. நீ வாசி ரெனி.”

“சிங்கப்பூர்” என்று வாசித்தேன்.

அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு சிரித்தாள். ஜூனுக்குப் பிறகு அவள் பல்லை இன்றுதான் பார்க்கிறேன். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா முகம் மழித்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் சேசு மாமாவிடம் அப்பா தினமும் போனில் பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆட்கள் கூடும் இடங்களில் போட்டோவைக் காட்டி விசாரிக்க மாமா ஒத்துக்கொண்டார்.

“கப்பல்ல ஏறித்தான் போயிருக்கான் பய” என்றார் அப்பா. “செருப்ப வச்சு நம்மள ஏமாத்திருக்கான். ஆளப் பாத்தியா.” பெருமையாகச் சொன்னார்.

அம்மா கோயில்பிள்ளை வீட்டுக்குப் போய், கொடுத்த பெயரை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். வரும்போது நெய்மீன் வாங்கி வந்தாள். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். குழம்பு நன்றாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அக்டோபர் 24, வெள்ளி

கடல்ராசாவின் பெயருக்குக் கீழே வரி வந்திருக்கிறது. ‘ராசா அப்பா ஒண்ணும் சொல்லமாட்டன்’.

ஒற்றை விரலால் அடித்திருப்பார்.

அக்டோபர் 26, ஞாயிறு

‘அங்க மழையா ராசா’.

சேசு மாமா விசாரித்தாராம். ஒருவருக்கும் தெரியவில்லையாம். பெரிய ஊர்ல்லா, என்றார் அப்பா.

அக்டோபர் 28, செவ்வாய்

அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. “ஏன் திரும்ப வர மாட்டேங்கான்?” என்று அம்மாவிடம் கேட்டார். “நான் எழுதுனத வாசிச்சிருப்பாம்லா. வாசிச்சும் வர மாட்டேங்கான்னா அவ்வளவு கோவமா எம்மேல?”

அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அக்டோபர் 29, புதன்

இன்று ஒரு தடவை உள்ளே போனேன். சிங்கப்பூர் வழியாகத்தான்.

அப்பா இரண்டு தோசை சாப்பிட்டார்.

அக்டோபர் 30, வியாழன்

விபிஎன் ஒரு குழாய் மாதிரி என்று அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். நாம் இங்கே ஒரு வாயில் நுழைந்தால் அங்கே இன்னொரு வாயில் வெளியே வருவோம். பார்க்கிறவர்களுக்கு அங்கேதான் இருப்பதாகத் தெரியும். நான் உள்ளே போகும்போது ரெனிட்டா. அங்கே வெளியே வருவது அண்ணன்.

கண்ணை மூடினால் அந்தச் சிவப்புக் கோட்டு தலையைத் திருப்புகிறது.

நவம்பர் 1, சனி

காலையில் அம்மாவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்த் தாத்தா கல்லறையைக் கழுவி வெள்ளையடித்தோம். ஊரே அங்கேதான் இருந்தது. மழைக்கு முன்னால் சுண்ணாம்பு காய வேண்டுமே என்று ஆளாளுக்கு வானத்தைப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது அம்மா திடீரென்று சொன்னாள்.

“ரெனி, அவன் சொப்பனத்துல வாரான்.”

“யாரும்மா?”

“தண்ணிக்குள்ள கழுத்தளவு நிக்கான். ஒண்ணும் சொல்ல மாட்டேங்கான். ‘குளிருதாலே, ஏறி வாலே’ங்கேன், அப்படியே நிக்கான்.” கொஞ்ச தூரம் நடந்தாள். “சிங்கப்பூர்ல இருக்கவன் எதுக்குட்டி தண்ணிக்குள்ள நிக்கணும்?”

சுண்ணாம்பு வாளியை மறு கைக்கு மாற்றினேன்.

“உங்கப்பாட்ட சொல்லிராத. எனக்கு என்ன பயம்னா, ஒருவேள செத்துத்தான் போயிருந்தான்னா, இத்தன மாசமா ஒரு ஜெபம் இல்லாம, ஒரு மெழுகுவத்தி இல்லாம கெடக்கான். நாளைக்கு எல்லாரு பேரயும் வாசிப்பாங்க. எம்பிள்ள பேர மட்டும் வாசிக்க மாட்டாங்க. நான்தான் போயி வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன்.”

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பாவின் அறைக்குப் போனேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். போன் சார்ஜரோடு மடியில் இருந்தது.

“வாம்மா. கரெக்டா எழுதியிருக்கனா பாரு” என்று திரையைக் காட்டினார். ‘கிறிஸ்மஸ்க்கு வந்துரு’.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். டேப்பைத் திறந்தேன். விபிஎன்னைப் போட்டேன். கடல்ராசா, என் பிறந்தநாள்.

அவர் போன் அதிர்ந்தது. ‘உங்கள் கணக்கு வேறொரு கருவியில் திறக்கப்பட்டுள்ளது’. அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். “வந்துட்டாம்மா, வந்து” என்று என் பக்கம் திரும்பினார்.

என் மடியில் சிவப்புக் கோட்டு நின்றுகொண்டிருந்தது.

போனையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

“நீயா?”

“ஆமாப்பா.”

“ரெண்டு தடவயும்?”

“ரெண்டு தடவயும்.”

“சிங்கப்பூர்னு வந்துச்சே.”

லேக் குறைவதற்காக அண்ணன் போடச் சொன்னது என்று சொன்னேன். நாம் இங்கே இருந்தாலும் அங்கே இருப்பதாகக் காட்டும் என்று சொன்னேன். அப்பா புரிந்துகொள்வதற்காகக் கண்ணைச் சுருக்கினார்.

“நம்ம துறைமுகத்துல ஏத்துற பெட்டிய கொழும்புக்குக் கொண்டு போயி பெரிய கப்பல்ல மாத்துதாம்லா, அது மாதிரி” என்றார். “எறக்குறவனுக்கு கொழும்புலருந்து வந்த சரக்குன்னுதான் தெரியும். ஏத்துனது இங்கன.”

“ஆமாப்பா.”

“ஏத்துனது நம்ம வீட்டுல.”

நான் அழுதேன். அவர் அழவில்லை. “முதல் தடவ தெரியாம பண்ணுன. ரெண்டாம் தடவ?”

“நீங்க சாப்பிடல.”

அம்மா வாசலில் நின்றாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியாது. சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டு, “கோயில்பிள்ள வீட்டுல இருப்பாரு, நான் போயிட்டு வந்துருதேன்” என்று மட்டும் சொன்னாள்.

“இரு” என்றார் அப்பா. எழுந்து சட்டையைப் போட்டார். பித்தான் மாறி விழுந்தது. அம்மா அதைச் சரிசெய்தாள். “நான்தான அவன அனுப்புனேன். நான் போயி குடுக்கேன்.”

மழை தூறத் தொடங்கியிருந்தது. குடையை நீட்டினேன். என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

பெயர்கள் நிறைய இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த வீட்டு ஆட்களின் முதுகு கொஞ்சம் அசைவது தெரிந்தது. கெல்வின் என்று வாசித்தபோது அம்மா என் கையைப் பிடித்தாள். ஆண்கள் பக்கத்தில் அப்பா நேராக நின்றார். கிரேன் மேலிருந்து கீழே பார்ப்பதுபோலத் தரையைப் பார்த்தார்.

அவனுக்குக் கல்லறை இல்லாததால் தாத்தாவின் கல்லறை ஓரத்திலேயே மெழுகுவத்தி ஏற்றினோம். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. இன்பன்ட் அண்ணன் வந்து கையைக் குவித்து மறைத்தார். அவரும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அண்ணன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அப்பா இன்று முதல் எங்கள் அறையிலேயே படுப்பதாகச் சொன்னார். நான் அண்ணன் அறைக்கு மாறிக்கொள்ள வேண்டும். பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தலையணையை எடுத்துக்கொண்டு வந்தபோது அப்பா வாசலில் நின்றார். கையில் அந்தப் போன். சார்ஜரைச் சுற்றி அதன் மேலேயே வைத்திருந்தார்.

“பூசையும் வச்சாச்சு. செய்ய வேண்டியத செஞ்சாச்சு.” போனை நீட்டினார். “இத நீ வச்சுக்க. எனக்கு காலைல ஷிப்ட் இருக்கு, கண்ணு முழிக்க முடியல.”

வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது.

“அந்த விபிஎன்னு ஒண்ணும் போடாத. நேராவே இரு. நம்ம வீடு எங்கன இருந்துச்சோ அங்கனயே இருக்கட்டும்.” போகத் திரும்பியவர் நின்றார். “நீ தூங்குனாலும் அத மூடிராத ரெனி. அவன் வந்தாம்னா உன்னய வெளிய தள்ளட்டும்.”

மெழுகுவத்தி ஏற்றிய அதே ஆள்தான் இதைச் சொன்னார்.

கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா தூங்கிவிட்டார், குறட்டை கேட்கிறது. பிங் நூற்று எழுபதில் ஏறி இறங்குகிறது. சிவப்புக் கோட்டு நிற்கிறது, இடையிடையே உறைகிறது, மறுபடி மூச்சு விடுகிறது. கண் சொருகுகிறது.

இன்னும் யாரும் என்னை வெளியே தள்ளவில்லை.